பட்டறையும் விரிவுரை மண்டபமும்: பொறியியலாளர் தொழில் பயின்ற முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு தொழிலின் வரலாற்றை அத்தொழிலினர் ஆக்கிய பொருள்களைக் கொண்டு எழுதுவதே பெரும்பான்மை வழக்கு. பாலங்களும் புகையிரதப் பாதைகளும் அணைக்கட்டுகளும் பொறியியல் வரலாற்று நூல்களின் பக்கங்களை நிரப்புகின்றன. அவற்றை ஆக்கியோர் தம் தொழிலை எங்கே, எவரிடம், எம்முறையிற் கற்றனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. எனினும் அவ்வினா சிறியதன்று. ஒருவர் தம் தொழிலைக் கற்ற முறையே, அவர் எதைக் கண்டுகொள்வார், எதைக் காணாது விடுவார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. பாலத்தின் மீது செல்லும் வண்டியில் அமர்ந்திருப்போருக்கு அது உயிர் பற்றிய வினாவாகும்.

கடந்த இரண்டரை நூற்றாண்டுகளிற் பொறியியற் பயிற்சி இரு பெரும் மரபுகளாக வளர்ந்தது. வேலைத்தலத்தில் மூத்தோரின் அருகே நின்று கற்பது ஒன்று. கல்லூரியிற் கணிதத்தையும் பௌதிகத்தையும் கற்றுப் பின்னர்க் களத்துக்குச் செல்வது மற்றையது. முன்னையது பிரித்தானியாவிலும் பின்னையது பிரான்சிலும் முழு வளர்ச்சி பெற்றன. இவ்விரண்டையும் ஒரே பாடத்திட்டத்துள் அடக்கும் துணிவான முயற்சி, இவ்விரு நாடுகளிலுமன்றி, 1873ஆம் ஆண்டில் யப்பானிலேயே மேற்கொள்ளப்பட்டது. இம்மூன்றையும் ஒப்புநோக்கி, வேலைத்தலக் கல்வியின் வலிமையையும் வரம்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்தானியப் பட்டறை மரபு

கைத்தொழிற் புரட்சிக் காலப் பிரித்தானியாவின் பெரும் பொறியியலாளர் பலர் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவரல்லர். 1757இற் பிறந்த தோமஸ் ரெல்போட் கற்கொத்தனிடம் பயிலுனராகத் தொழில் தொடங்கியவர். புகையிரதத்தின் வரலாற்றில் முதன்மை பெறும் ஜோர்ஜ் ஸ்ரீவன்சன் பதினெட்டு வயதளவிலேயே எழுத வாசிக்கக் கற்றார். 1818இல் இலண்டனில் நிறுவப்பட்ட குடிசார் பொறியியலாளர் நிறுவகத்தின் முதலாவது தலைவராக 1820இற் பதவியேற்றவர் அதே ரெல்போட் ஆவார். உறுப்பினர் தத்தம் வேலைகளைப் பற்றிய கட்டுரைகளைக் கூட்டங்களிற் படைத்து விவாதிக்கும் வழக்கம் அந்நிறுவகத்தில் வேரூன்றியது. ஒருவர் களத்திற் கண்டதைப் பிறர் கேட்டு வினாவும் அச்சபைகளே நெடுங்காலம் பிரித்தானியப் பொறியியலாளரின் கலாசாலைகளாக விளங்கின எனலாம்.

இயந்திரத் துறையில் இம்மரபின் சிறந்த எடுத்துக்காட்டு ஹென்றி மோட்சிலியின் இலண்டன் பட்டறையாகும். வூலிச்சு ஆயுதச்சாலையிற் சிறுவனாக வேலை தொடங்கி, பூட்டுச் செய்வதிற் புகழ்பெற்ற ஜோசப் பிராமாவிடம் பணியாற்றிய மோட்சிலி, 1790களின் பிற்பகுதியிற் சொந்தப் பட்டறையை அமைத்தார். திருகாணி வெட்டும் கடைச்சற் பொறியைச் செம்மைப்படுத்தியமையும், மிகநுண்ணிய அளவு கருவியொன்றை ஆக்கிப் பட்டறையில் இறுதித் தீர்ப்பாளனாக அதனை வைத்தமையும் அவருடைய சாதனைகளாகும். ஜோசப் விற்வேத், ரிச்சட் ரொபேட்ஸ், ஜோசப் கிளெமென்ற், ஜேம்ஸ் நாஸ்மித் முதலிய அடுத்த தலைமுறை இயந்திர வல்லுநர் அப்பட்டறையில் உருவாகினர். செம்மையான தட்டைத் தளம் எது, நம்பத்தக்க அளவு எது என்பனவற்றை அவர்கள் நூல்களிற் கற்கவில்லை. கண்ணும் கையும் ஒருங்கே பழகிப் பெற்ற அறிவு அது.

இம்மரபின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. புகழ்பெற்ற பொறியியலாளரிடம் மாணாக்கனாகச் சேர்வதற்குப் பெற்றோர் பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்த வேண்டியிருந்தது. சிலரிடத்தில் அது பல நூறு பவுண்களை எட்டிற்று. கட்டணம் பெற்ற ஆசான் கற்பிக்கின்றாரா என மேற்பார்வை செய்ய எவரும் இலர். சிலர் நன்கு கற்பித்தனர். சிலர் வரைபடங்களைப் பிரதி பண்ணுவதற்கே மாணாக்கரைப் பயன்படுத்தினர். கட்டணம் செலுத்திய இளைஞர் எல்லாரும் ஊக்கமுடையவரென்றும் கூறுதற்கில்லை. 1829இல் நாஸ்மித் வேலை தேடிச் சென்றபோது, அத்தகைய மாணாக்கரை ஏற்றுத் தாம் பட்ட தொல்லை போதுமென மோட்சிலி மறுத்தார். நாஸ்மித் தாமே செய்த நீராவி எந்திர மாதிரியுருவையும் வரைபடங்களையும் காட்டிய பின்னரே அவர் மனம் மாறித் தமது தனியுதவியாளராக ஏற்றுக்கொண்டார். செய்து காட்டிய பொருளே சான்றிதழாகக் கொள்ளப்பட்டது. ஆயின் செய்து காட்டும் வாய்ப்பும், கருவிகளும், இலண்டனுக்குச் செல்லும் வசதியும் இல்லாதோர் அவ்வாயிலை அணுகவே முடியவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பிரான்சின் கல்லூரி மரபு

பிரான்சில் அரசே பொறியியலாளரைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றது. பாலங்கள், வீதிகள் ஆகியவற்றுக்கான கல்லூரி 1747இற் பரிசில் பெரோனே என்பாரின் தலைமையில் தொடங்கப்பட்டது. ஈண்டு கவனிக்கத்தக்க செய்தியொன்றுண்டு. தொடக்ககாலத்தில் அக்கல்லூரியிற் பேராசிரியர் இருந்திலர். முன்னேறிய மாணவரே ஏனையோர்க்குக் கற்பித்தனர். ஆண்டின் ஒரு பகுதியை மாணவர் வேலைக்களங்களிற் கழித்தனர். கல்லூரி மரபின் தாயகம் எனக் கொள்ளப்படும் இடத்திலேயே, சகபாடியிடம் கற்பதும் களத்திற் கற்பதும் தொடக்கத்திலிருந்தன என்பது சுவையானது.

புரட்சிக்குப் பின் நிலைமை மாறியது. 1794இல் நிறுவப்பட்டு மறு ஆண்டு முதல் எக்கோல் பொலிரெக்னிக் என வழங்கப்பட்ட கல்லூரி, கணிதத்தையே பொறியியலின் அடித்தளமாக்கிற்று. கஸ்பார் மொஞ்ச் அங்கு விவரணக் கேத்திரகணிதத்தைக் கற்பித்தார். போட்டிப் பரீட்சையின் வாயிலாக மாணவர் தெரியப்பட்டனர். கட்டணம் செலுத்தி ஆசானைத் தேடும் பிரித்தானிய முறையோடு ஒப்பிடுகையில் இது திறமைக்கு வழிவிட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் கல்வி வசதி படைத்தோர்க்கே பெரும்பாலும் கிட்டிற்று.

இம்மரபின் பெரும் அறிஞருள் ஒருவர் குளோட் லூயி நவியே. வளைகளின் பலம் பற்றியும் பாய்மங்களின் இயக்கம் பற்றியும் அவர் வகுத்த கணிதக் கொள்கைகள் இன்றும் பயிலப்படுகின்றன. பிரித்தானியாவுக்குச் சென்று தொங்கு பாலங்களை ஆராய்ந்து வந்த அவர், பரிசில் செயின் நதிக்குக் குறுக்கே ஒரு தொங்கு பாலத்தைத் திட்டமிட்டார். 1826இல், வேலை முடிவுறும் தறுவாயில், சங்கிலிகளைப் பற்றியிருந்த நங்கூரக் கட்டமைப்பு அசைந்து வெடிப்புற்றது. திருத்தக்கூடிய குறையாக அது இருந்தபோதும், நகராட்சியின் எதிர்ப்பினாற் பாலம் பாவனைக்கு வராமலே அகற்றப்பட்டது. சங்கிலியின் வளைகோட்டை நன்கு கணித்த கொள்கை, அச்சங்கிலியைத் தாங்கிய நிலத்தின் நடத்தையை முற்றாகக் கூறவில்லை. களத்து அனுபவத்தை நம்புவோர் இச்சம்பவத்தைக் கல்லூரி மரபுக்கு எதிரான சான்றாகக் காட்டினர்.

ராங்கினும் டையரும்

இவ்விரு மரபுகளுக்குமிடையே பாலமிட முயன்றவர் வில்லியம் ராங்கின். 1855இற் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பொறியியற் பேராசிரியரான அவர், மறு ஆண்டு ஆற்றிய அறிமுக உரையில் அறிவை மூவகைப்படுத்தினார்: தூய விஞ்ஞான அறிவு, தூய செயன்முறை அறிவு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாய் விஞ்ஞானத் தத்துவங்களைத் தொழிலிற் பிரயோகிக்கும் அறிவு. மூன்றாவதே பொறியியலாளருக்கு உரியதென்பது அவர் கருத்து. ஆயினும் பட்டறையிற் பெறும் பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் மாற்றாகும் என அவர் கருதவில்லை. அக்காலப் பிரித்தானிய மாணவன் இரண்டையும் பெற விரும்பின், தன் முயற்சியாலேயே அவற்றை இணைக்க வேண்டியிருந்தது.

அவ்வாறு இணைத்தவருள் ஒருவர் 1848இற் பிறந்த ஹென்றி டையர். கிளாஸ்கோவிலிருந்த எந்திரத் தொழிற்சாலையொன்றிற் பயிலுனராகப் பணியாற்றியவாறே அன்டர்சன் கல்லூரியின் மாலை வகுப்புகளுக்குச் சென்றார். அதே காலத்தில் அவ்வகுப்புகளில் யப்பானியர் ஒருவரும் இருந்தார். யமாவோ யோசோ என்னும் அவர், வெளிநாடு செல்லல் தடைசெய்யப்பட்டிருந்த 1863இல் இரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறிய சோசு ஐவருள் ஒருவர். பகலில் நேப்பியர் கப்பற் கட்டுந்தளத்திற் கைவேலை, மாலையிற் கல்வி என வாழ்ந்தவர். 1868இல் நாடு திரும்பிய யமாவோ, 1870இல் நிறுவப்பட்ட பொதுவேலை அமைச்சில் முக்கிய இடம் பெற்றார். பொறியியற் கல்லூரியொன்றை நிறுவ அவ்வமைச்சு முடிவு செய்தபோது, ஐவருள் மற்றொருவரான இத்தோ ஹிரோபூமி 1872இற் பிரித்தானியாவில் ஆசிரியரைத் தேட ஏற்பாடு செய்தார். ராங்கினின் மாணவரான டையர் அதிபராகத் தெரியப்பட்டார். 1873இல் அவர் தோக்கியோவைச் சென்றடைந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துக்கு மேற்படவில்லை.

தோக்கியோப் பரிசோதனை

டையர் கப்பற் பயணத்தின்போதே வகுத்த பாடத்திட்டம் ஆறாண்டுகளைக் கொண்டது. முதலிரண்டு ஆண்டுகள் கணிதம், பௌதிகம், இரசாயனம், வரைதல் முதலிய பொதுக் கல்விக்குரியவை. நடு இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றும் இரு கூறாக்கப்பட்டது: ஆறு மாதம் கல்லூரியில், ஆறு மாதம் வேலைத்தலத்தில். இறுதி இரண்டு ஆண்டுகள் முழுமையாகச் செயன்முறைக்கு ஒதுக்கப்பட்டன. அமைச்சுக்குச் சொந்தமான அக்கபானே இயந்திரத் தொழிற்சாலையும், சுரங்கங்களும், தந்தி, புகையிரத வேலைகளும் மாணவரின் பயிற்சிக் களங்களாயின. குடிசார் பொறியியல், எந்திரவியல், தந்தி, கட்டடக்கலை, இரசாயனம், சுரங்கம் முதலிய துறைகள் கற்பிக்கப்பட்டன. அரசின் செலவிற் கற்றோர் பட்டம் பெற்றபின் ஏழாண்டுகள் அரச சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தனர்.

இத்திட்டத்தின் புதுமை எங்குளது? வேலைத்தலம் கல்விக்குப் பின் வருவதாகவோ கல்விக்கு மாற்றாகவோ கொள்ளப்படாது, கல்வியின் ஓர் உறுப்பாகவே கொள்ளப்பட்டது. களத்திற் கண்ட இடர்ப்பாட்டை மாணவன் மீண்டும் விரிவுரை மண்டபத்துக்குக் கொணர முடிந்தது. மண்டபத்திற் கேட்ட தத்துவத்தை அடுத்த ஆறு மாதத்திற் பரிசோதிக்க முடிந்தது. கட்டணம் என்னும் தடையும் அகன்றது. மாணவருட் பெரும்பாலோர் சாமுராய்க் குடும்பத்தினர். வாளேந்திய மரபினரின் மைந்தர் எண்ணெய் படிந்த ஆடையுடன் அரமும் சுத்தியலும் பிடிக்க வேண்டியதாயிற்று. கையால் வேலை செய்வது கல்விமானுக்கு இழுக்கென்ற எண்ணம் கீழைத்தேயங்களில் ஆழ வேரூன்றியிருந்த காலத்தில் இது சிறிய மாற்றமன்று.

கற்பித்தோரும் இதனாற் பயன்பெற்றனர். அங்கு பணியாற்றிய வில்லியம் அயேட்டனும் ஜோன் பெரியும் நாடு திரும்பியபின் இலண்டன் பின்ஸ்பரித் தொழினுட்பக் கல்லூரியில் ஆய்வுகூடத்தை மையமாகக் கொண்ட கற்பித்தலை வளர்த்தனர். 1876இற் சுரங்கவியல் கற்பிக்கச் சென்ற ஜோன் மில்ன், யப்பானிய நிலநடுக்கங்களைக் கண்டு நவீன நிலநடுக்கவியலை நிறுவியோருள் ஒருவரானார்.

1879: ஒரு பாலத்தின் வீழ்ச்சி

1879ஆம் ஆண்டிற் தோக்கியோக் கல்லூரியிலிருந்து முதல் அணியினர் 23 பேர் வெளியேறினர். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு, ஸ்கொட்லாந்தில் வீசிய புயலில் தே நதிப் பாலத்தின் நடுப்பகுதி, கடந்துகொண்டிருந்த புகையிரதத்துடன் நீரில் வீழ்ந்தது. ஏறத்தாழ 75 பேர் மாண்டனர். எவரும் உயிர் தப்பவில்லை.

பாலத்தைத் திட்டமிட்ட தோமஸ் பௌச், பதினேழு வயது முதற் களத்திலேயே தொழில் பயின்றவர். பிரித்தானிய மரபின் நேர்மையான வாரிசு. காற்றின் அமுக்கத்துக்கெனத் தனியான இடங்கொடுத்து அவர் கணிக்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பாலம் திட்டமிடப்பட்டதும் கட்டப்பட்டதும் பராமரிக்கப்பட்டதும் குறைபாடுடையன என விசாரணை முடிவு கூறிற்று. பராமரிப்புப் பற்றிய செய்தி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. பாலத்தைக் கண்காணித்தவர் கட்டடக் கல்வேலையிலும் செங்கல் வேலையிலும் பழகியவர். இரும்பு வேலையில் அனுபவமற்றவர். தூண்களைப் பிணைத்திருந்த இரும்புச் சட்டங்கள் தளர்ந்து ஒலியெழுப்புவதை அவர் கேட்டார். இடைவெளிகளில் இரும்புத் துண்டுகளைச் செருகி ஒலியை நிறுத்தினார். அதனைப் பௌச்சுக்கு அறிவிக்கவில்லை.

அவர் கடமையிற் பிழைத்தவரல்லர். தமக்குத் தெரிந்த முறையிற் கண்ணுங் கருத்துமாகவே பணியாற்றினார். ஒலியைக் கேட்ட காது அவரிடம் இருந்தது. அவ்வொலியின் பொருளை உணர்த்தும் அறிவு அவருக்கு எவராலும் வழங்கப்படவில்லை. ஒரு தொழிலில் வேலைத்தலம் கற்பித்த பழக்கம் மற்றொரு தொழிலுக்குச் செல்லும்போது, ‘ஏன்’ என்னும் வினா உடன் செல்லாவிடின், அப்பழக்கமே ஆபத்தை மறைக்கும் திரையாகலாம் என்பதற்கு இதனினும் துயரமான சான்று அரிது.

எனினும் இதனைக் கொண்டு பட்டறை மரபையே பழிப்பது பொருந்தாது. தே பாலத்தின் வீழ்ச்சிக்குப் பின் போத் நதிப் பாலத்தைத் திட்டமிட்டோருள் ஒருவரான பெஞ்சமின் பேக்கரும் இரும்பு வேலைத்தலத்திற் பயிலுனராக உருவானவரே. அவர் காற்றை ஊகத்துக்கு விடவில்லை. பாலம் அமையவிருந்த இடத்திலேயே சிறியனவும் பெரியனவுமான காற்றமானிகளை நிறுவி, பெரும் பரப்பின்மீது விழும் சராசரி அமுக்கம் சிறு பரப்பிற் பெறும் அளவினின்று வேறுபடுவதை அளந்தறிந்தார். வேலைக்களத்தை அவர் ஆய்வுகூடமாக்கினார். பௌச்சையும் பேக்கரையும் வேறுபடுத்தியது களத்தை வினாவும் பழக்கமேயாகும்.

கரம் பற்றிய இரு மாணவர்

தோக்கியோக் கல்லூரியின் பயன் அதன் மாணவரிடத்தே வெளிப்பட்டது. 1883இற் பட்டம் பெற்ற வத்தனபே கைச்சி பின்னர்க் கிளாஸ்கோவிற் கற்றுப் போத் பால வேலையிற் பணியாற்றினார். பாலத்தின் தத்துவத்தைப் பொதுமக்களுக்கு விளக்க 1887இற் பேக்கர் பயன்படுத்திய ஒளிப்படம் உலகப் புகழ் பெற்றது. இருவர் கதிரைகளில் அமர்ந்து கைகளை நீட்டிக் கோல்களைப் பற்றியிருக்க, நடுவே தொங்கும் இருக்கையில் ஒருவர் தாங்கப்படுகின்றார். நடுவிலிருப்பவர் வத்தனபே. பாரந்தாங்கும் தத்துவம் மனித உடலாலேயே கற்பிக்கப்பட்ட அப்படத்தில் இரு மரபுகளும் சந்திக்கின்றன எனலாம்.

அதே ஆண்டிற் பட்டம் பெற்ற தனபே சக்குரோ, பீவா ஏரியின் நீரைக் கியோத்தோ நகருக்குக் கொணரும் கால்வாய் பற்றிய ஆய்வைத் தம் பட்டக் கட்டுரையாகச் சமர்ப்பித்தார். வலக்கையில் ஏற்பட்ட காயத்தினால் இடக்கையாலேயே வரைபடங்களைத் தயாரித்தார் என்பர். இருபத்திரண்டு வயதைக்கூட எட்டாத அவரிடம் கியோத்தோ நிருவாகம் அவ்வேலையை ஒப்படைத்தது. 1885இல் தொடங்கிய வேலை 1890இல் நிறைவெய்தியது. ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தை அகழ்கையில், மேலிருந்து செங்குத்துக் குழியொன்றை இறக்கி இடைநடுவிலிருந்தும் வேலை செய்யும் முறை கையாளப்பட்டது. வேலை நடைபெறும்போதே 1888இல் அமெரிக்கா சென்று நீர்மின் நிலையங்களைக் கண்ட தனபே, திட்டத்தை மாற்றினார். 1891இற் கெயாகே மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1895இற் கியோத்தோவில் மின் ரிராம் வண்டி ஓடியது. கற்பது பட்டத்தோடு முடியவில்லை; வேலை அவரைக் கற்பித்தது, அவர் கற்றது வேலையை மாற்றிற்று.

தோக்கியோக் கல்லூரி தனித்து நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1885இற் பொதுவேலை அமைச்சு கலைக்கப்பட்டது. மறு ஆண்டு கல்லூரி பேரரசுப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1882இல் நாடு திரும்பியிருந்த டையர் ஸ்கொட்லாந்தின் தொழினுட்பக் கல்விக்காக உழைத்து 1918இற் காலமானார். அவருடைய கருத்து வேறிடங்களில் மீண்டும் முளைத்தது. 1903இற் பிரித்தானியாவின் சன்டலன்ட் தொழினுட்பக் கல்லூரியும், 1906இல் ஹேமன் சினைடரின் முயற்சியால் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகமும், கல்லூரியும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும் கல்வியைத் தொடங்கின. சின்சினாட்டியிற் சேர்ந்த முதல் அணியினர் 27 பேரே.

இலங்கையும் இன்றைய வினாவும்

இலங்கையில் 1893இற் கொழும்பிலே தொழினுட்பக் கல்லூரி நிறுவப்பட்டது. நீர்மின் திட்டத்தின் முன்னோடியான டி. ஜே. விமலசுரேந்திர அதன் மாணவருள் ஒருவர். பொதுவேலைத் திணைக்களப் பணியில் மலைநாட்டு ஆறுகளை நேரிற் கண்ட அவர், நீர்வலுவின் பொருளாதாரம் பற்றிய தம் கட்டுரையை 1918இற் பொறியியலாளர் சங்கத்தின்முன் படைத்தார். 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் தோன்றியது. 1971இல் தேசிய பயிலுனர் சட்டம் நிறைவேறியபின், பல்கலைக்கழக மாணவரின் கைத்தொழிற் பயிற்சியும் ஓர் ஒழுங்குக்குள் வந்தது. எனவே டையரின் வினா இந்நாட்டு மாணவர்க்கும் அயலானதன்று. பயிற்சிக் காலத்தைச் சான்றிதழுக்கான சம்பிரதாயமாகக் கழிப்பதா, விரிவுரை மண்டபத்துக்கு வினாக்களைக் கொண்டுவரும் காலமாகக் கொள்வதா என்பதே அவ்வினா.

பொறியியலாளர் இன்றும் எவ்வாறு கற்க விரும்புகின்றனர் என்பதை ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நிறுவனங்களில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய தோமஸ் அலன், விஞ்ஞானியர் சஞ்சிகைகளை நாடும் இடத்திற் பொறியியலாளர் சகபாடியின் மேசையை நாடுவதை 1977இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இருவரது மேசைகளுக்கிடையே தூரம் கூடும்போது உரையாடல் விரைவாகக் குறைவதையும் அவர் காட்டினார். பிரதி பண்ணும் பொறிகளைத் திருத்துவோரை ஆராய்ந்த ஜூலியன் ஓர், தாம் சந்தித்த பழுதுகளைக் கதைகளாகப் பரிமாறியே அவர்கள் ஒருவருக்கொருவர் கற்பித்தனர் என 1996இல் எழுதினார். கைந்நூல் கூறாத பழுதுகளே அக்கதைகளின் பொருளாயிருந்தன. ரெல்போட் காலச் சபையும், பெரோனேயின் மாணவரும், மோட்சிலியின் பட்டறையும் இவ்வாய்வுகளில் மீண்டும் தலைகாட்டுகின்றன.

ஆகவே, வேலையின் நடுவே, அயலில் நிற்பவரிடம், கையிலுள்ள இடர்ப்பாட்டை முன்னிட்டுக் கற்பதே பொறியியலாளரின் நீண்டகால விருப்பு என்பது வரலாற்றாற் பெறப்படும். அவ்விருப்பு மதிக்கத்தக்கது. ஆயின் அயலில் நிற்பவருக்கும் விடை தெரியாத இடத்தில் அது தனித்து உதவாது என்பதைத் தே நதி கற்பித்தது. நிலத்தை அறியாத கணிதமும் உதவாது என்பதைச் செயின் நதி கற்பித்தது. இவ்விரு பாடங்களையும் ஒருங்கே ஏற்றுப் பாடத்திட்டமாக்கியதே தோக்கியோவின் சிறப்பு. தளர்ந்த சட்டத்தின் ஒலியைக் கேட்பவன், அதன் காரணத்தை வினாவவும், வினாவியதை உரியவரிடம் அஞ்சாது கூறவும் பழக்கப்படல் வேண்டும். எந்தப் பயிற்சி முறையாயினும் அதனை மதிப்பிடுதற்குரிய உரைகல் இதுவேயாம்.